எஞ்சினோடு வந்த புரொப்பெல்லர் உங்கள் படகுக்கானதா?

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதற்குப் பிறகுதான் எங்கள் கரையில் ஆட்கள் புரொப்பெல்லரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அதுவரை வளைந்தால் நிமிர்த்துவது, உடைந்தால் அதே மாதிரி இன்னொன்று வாங்கிப் பூட்டுவது, அவ்வளவுதான். அதற்கு அளவு என்று ஒன்று இருக்கிறது, அதைப் படகுக்கு ஏற்றபடி தெரிந்தெடுக்கலாம் என்பது பலருடைய யோசனையிலேயே இருக்கவில்லை. விலை பிறகு கூடியும் குறைந்தும் வந்தாலும் பழைய இரட்டை இலக்கத்துக்குத் திரும்பவில்லை. மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டிய 18 அடி, 23 அடி பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவனுக்கு மீன் படுகிறதோ இல்லையோ எண்ணெய்ச் செலவு நிச்சயம். எஞ்சின் திருத்துகிற வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது, துண்டு துண்டாகப் பதில் சொல்வதை விட முழுவதையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

அடிக்கடி வருகிற கேள்வி இதுதான். "தம்பி, பிட்ச் கூடினதாப் போட்டா ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் போகும்தானே? அப்ப எண்ணெய் மிச்சம்தானே?"

"படகு வெறுமையா ஓடினா சில நேரம் சரி அண்ணை. வலையும் ஐசும் ஆக்களும் ஏறினாப் பிறகு அது தலைகீழ்."

இந்த ஒரு விஷயம் விளங்கினால் மீதி எல்லாம் தானாக விளங்கும். அதனால் அடிப்படையிலிருந்து வருகிறேன்.

உங்கள் புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள், நடுக்குடத்தில் எண்கள் பொறித்திருக்கும். யமஹா 15 குதிரைவலு எஞ்சினில் 9 1/4 × 9 – J என்பது போல இருக்கும். முதல் எண் விட்டம், அதாவது இதழ்களின் நுனி சுற்றுகிற வட்டத்தின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது எண் பிட்ச். மரத்தில் இறங்குகிற திருகாணி மாதிரி வழுக்காமல் போனால் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது அது. கடைசி எழுத்து எந்த எஞ்சின் தொடருக்குப் பொருந்தும் என்பதைச் சொல்கிறது. J போட்டது 9.9, 15 குதிரைவலு எஞ்சின்களுக்கு, F போட்டது 25ஐச் சுற்றியுள்ளவற்றுக்கு, G போட்டது 40ஐச் சுற்றியுள்ளவற்றுக்கு. எண் தேய்ந்து போயிருந்தால் அதைக் கண்டுபிடிக்காமல் புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

தண்ணீர் மரம் இல்லை. புரொப்பெல்லர் எப்போதும் கொஞ்சம் வழுக்கும், வழுக்கினால்தான் தள்ளும். கேள்வி எவ்வளவு வழுக்குகிறது என்பதுதான். அதைக் கணக்குப் பார்க்க ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது. எஞ்சினின் சுற்று வேகத்தை கியர் விகிதத்தால் (புரொப்பெல்லர் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது) வகுத்து, பிட்ச்சால் பெருக்கி, 1215ஆல் வகுத்தால் வழுக்கலே இல்லாவிட்டால் படகு போக வேண்டிய வேகம் நொட்டில், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல் என்று, வரும். ஒரு உதாரணம் சொல்கிறேன். கியர் விகிதம் 2.08, பிட்ச் 11. படகு வெறுமையாக இருக்கும்போது முழு முறுக்கில், அதாவது எண்ணெய் விடுகிற கைப்பிடியை முழுவதும் முறுக்கினால், எஞ்சின் நிமிடத்துக்கு 4800 சுற்று சுற்றுகிறது என்றால் கணக்குப்படி 20.9 நொட். ஜி.பி.எஸ். 16 காட்டுகிறது. வழுக்கல் 23 வீதம் அளவில், குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது அதே படகில் வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய்க் கான்கள், மூன்று பேர். எஞ்சின் 4100க்கு மேல் ஏற மறுக்கிறது. கணக்கு 17.8 நொட், ஜி.பி.எஸ். 9. பாதி வழுக்கலாகப் போய்விட்டது. முறுக்கு முழுவதும் திறந்திருக்கிறது, எண்ணெய் கொட்டிக்கொண்டிருக்கிறது, தள்ளிய தண்ணீரில் பாதி சும்மா பின்னால் போகிறது.

இந்த நிலையில் இன்னும் கூடிய பிட்ச் போட்டால் என்ன நடக்கும்? சுற்று இன்னும் விழும். டூ ஸ்ட்ரோக் வேலை எஞ்சின்கள் பலவற்றுக்கு முழு முறுக்கில் 4500 முதல் 5500 வரை சுற்ற வேண்டும் என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள், ஃபோர் ஸ்ட்ரோக் பலவற்றுக்கு 5000 முதல் 6000. அந்த எல்லைக்குக் கீழே முழு முறுக்கில் ஓட்டுவது எஞ்சினை நெரிப்பது. வலு முழுவதும் வராது, எரியாத எண்ணெய் கரியாகப் படியும், பிளக் அடைக்கும், ரிங் ஒட்டும். மண்ணெண்ணெய் பெற்றோல் போல இலகுவில் ஆவியாகாது, அதனால் நெரிபடுகிற மண்ணெண்ணெய் எஞ்சினில் இந்தக் கரி இன்னும் மோசம். என் மேசைக்கு வருகிற கரி பிடித்த பிஸ்டன்களில் பலவற்றின் கதை படகின் பின்பக்கத்தில் தொடங்குகிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மண்ணெண்ணெய் எஞ்சினைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன் அமுக்க விகிதம் பெற்றோல் எஞ்சினை விடக் குறைவு, அதனால் அதே அளவு எஞ்சினில் கிடைக்கிற வலுவும் குறைவு. இணையத்தில் கிடைக்கிற புரொப்பெல்லர் அட்டவணைகள் பெரும்பாலும் பெற்றோல் எஞ்சின் பூட்டிய உல்லாசப் படகுகளுக்கானவை. இரண்டு பேர் ஏறிக் குளத்தில் ஓடுகிற அலுமினியப் படகுக்குச் சொன்ன பிட்ச்சைப் பார்த்து நெடுந்தீவுப் பக்கம் போகிற பாரப் படகுக்கு வாங்கக் கூடாது. அப்படிப் பார்த்து வாங்கினால் அநேகமாகக் கூடிய பிட்ச்சாகத்தான் அமையும்.

சரி, அப்ப என்ன பிட்ச்? பொதுவாக ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் முழு முறுக்கில் 150 முதல் 200 சுற்று வரை கூடும். மேலே சொன்ன உதாரணத்தில் 11இலிருந்து 9க்கு இறங்கினால் பாரத்தோடு 4100 சுற்றிய எஞ்சின் 4400, 4500க்கு வரும். அதாவது வேலை செய்ய வேண்டிய எல்லையின் வாசலுக்கு வந்துவிடும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. அதே 9 பிட்ச்சோடு படகு வெறுமையாகத் திரும்பும்போது முழுவதும் முறுக்கினால் எஞ்சின் எல்லைக்கு மேலே போகலாம். அந்த நேரம் கையைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும். முறுக்கைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது, ஆனால் நெரிபடுகிற எஞ்சினுக்கு இல்லாத வலுவை எந்தக் கையாலும் கொடுக்க முடியாது. அதனால்தான் அளவு எடுக்கும்போது படகு தொழிலுக்குப் போகிற பாரத்தோடு இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இங்கே பைபர் படகின் இயல்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு படகுக்கும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு, நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வருவது. தண்ணீரில் 20 அடி நீளம் கிடக்கிற படகுக்கு அது 6 நொட். அதற்கு மேலே போக முயன்றால் அணியம் தூக்கும், பின்பக்கம் தாழும், படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏறப் பார்க்கும். அந்த மேட்டைத் தாண்டிவிட்டால் படகு தண்ணீர் மேல் வழுக்கி ஓடும், பிறகு அந்தளவு எதிர்ப்பு இல்லை. மேட்டுக்கு நடுவில் 8, 9 நொட்டில் அணியத்தைத் தூக்கிக்கொண்டு முழு முறுக்கில் போவதுதான் ஒரு கடல் மைலுக்கு ஆகக் கூடுதலாக எண்ணெய் குடிக்கிற ஓட்டம். விடியப்புறம் கரையில் நின்று பார்த்தால் பாரத்தோடு வெளிக்கிடுகிற படகுகளில் எத்தனை இந்த நிலையில் போகின்றன என்பது கண்ணுக்கே தெரியும்.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, பிட்ச்சைக் குறைத்து எஞ்சினுக்கு வலு வரவிட்டு மேட்டைத் தாண்டுவது. பாரம் ஓரளவாக இருந்தால் இது நடக்கும், நடந்தால் வேகமும் கூடும் எண்ணெயும் மிஞ்சும், சின்னப் பிட்ச் போட்டு வேகம் கூடியதைப் பார்த்தால் பலருக்கு நம்ப முடியாமல் இருக்கும். மற்றது, பாரம் கூடிப்போய் எந்தப் புரொப்பெல்லராலும் தாண்ட முடியாது என்றால் முறுக்கைக் குறைத்து 5 நொட்டில் போவது. மேட்டுக்குக் கீழே தேவைப்படுகிற வலு ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும், ஒரு மைலுக்குச் செலவாகிற எண்ணெய் வேகத்தின் வர்க்கமாக ஏறும். 6 நொட்டிலிருந்து 5க்கு இறங்கினால் மைலுக்கு 30 வீதம் அளவில் குறையும் என்பது கணக்கு. எல்லை வேகத்துக்குக் கிட்ட வரும்போது வலுத் தேவை இன்னும் செங்குத்தாக ஏறுவதால் உண்மையில் இதை விடக் கூடவும் குறையலாம். 10 கடல் மைல் போக 6 நொட்டில் ஒரு மணி நாற்பது நிமிடம், 5 நொட்டில் இரண்டு மணி. இருபது நிமிடம் முந்தி வெளிக்கிட்டால் சரி. ஏலத்துக்குப் பிந்தினால் மீன் விலை விழும் என்று அவசரப்படுவது எனக்கு விளங்குகிறது. திரும்பி வரும்போது அவசரப்படுங்கள், போகும்போதாவது மெதுவாகப் போகலாம்.

பெரிய விட்டம் என்ற கதையும் உண்டு. கொஞ்சத் தண்ணீரை வேகமாகப் பின்னால் எறிவதை விட நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவதற்குக் குறைந்த சக்தி போதும். 1865இல் ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் ராங்கின் எழுதிவைத்த தத்துவம் இது, இன்றும் அதில் மாற்றமில்லை. பெரிய கப்பல்களின் புரொப்பெல்லர் ஏன் அவ்வளவு பெரிதாக மெதுவாகச் சுற்றுகிறது என்பதற்கும் காரணம் அதுதான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் இலங்கை உட்பட இந்தப் பிராந்தியத்தின் சிறு படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைக்கப் பாடுபட்டபோது இதே இரண்டைத்தான் வலியுறுத்தியது, மெதுவாகச் சுற்றுகிற பெரிய புரொப்பெல்லர், குறைந்த ஓட்ட வேகம். ஆனால் எங்கள் எஞ்சினில் நினைத்த விட்டத்தைப் போட முடியாது. எஞ்சின் காலில் புரொப்பெல்லருக்கு நேர் மேலே இருக்கிற தட்டு இடிக்கும், கியரும் அதற்கு ஏற்றதில்லை. பாரப் படகுக்கென்றே கியரை மாற்றிச் செய்த எஞ்சின்கள் இருக்கின்றன. யமஹாவின் சாதாரண 9.9 ஃபோர் ஸ்ட்ரோக்கில் கியர் விகிதம் 2.08, அதே வலுவில் உந்துவிசை கூட்டிச் செய்த T9.9இல் 2.92. அதனால் அது பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றும். புதிதாக எஞ்சின் வாங்க இருக்கிறவர்கள், குறிப்பாகக் களங்கண்டிக்கும் (தடி நட்டுக் கட்டுகிற வலை) நண்டு வலைக்கும் மெதுவாகப் போய் வருகிறவர்கள், கடையில் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். குதிரைவலுவை மட்டும் கேட்டுக்கொண்டு வருவது போதாது.

நான்கு இதழா மூன்று இதழா என்று கேட்பார்கள். நான்கு இதழ் தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும், பாரத்தோடு மேட்டில் ஏற உதவும், அலையில் கைவிடாது. உச்ச வேகம் கொஞ்சம் குறையும். மூன்றிலிருந்து நான்குக்கு மாறினால் பிட்ச்சையும் ஒரு அங்குலம் அளவில் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி நெரிபடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இதழ் மெல்லியது, வளையாது, ஓரம் கூர்மையாக நிற்கும், அதனால் நல்லதுதான். ஆனால் கல்லில் அடித்தால் அலுமினிய இதழ் தான் வளைந்து கியரைக் காப்பாற்றும், ஸ்டீல் அந்த அடியை உள்ளே கடத்தும். பரவைக்கடலில், அதாவது ஆழம் குறைந்த கடலில், தொழில் செய்கிறவர்களுக்கு நான் அலுமினியம்தான் சொல்வேன்.

அதே பரவைக்கடல்தான் புரொப்பெல்லரைத் தின்கிறது. மணலில் உரசி உரசி ஓரம் மொட்டையாகி, விட்டம் குறைந்து, ஒரு இதழ் வளைந்து மற்றது நிமிர்ந்து நிற்கிற புரொப்பெல்லரோடு ஓடிக்கொண்டு எண்ணெய் மிச்சம் பிடிக்க வழி கேட்டால் முதலில் அதை மாற்றுங்கள் என்பதுதான் பதில். சுத்தியலால் கண்மட்டத்துக்கு நிமிர்த்திய இதழின் பிட்ச் மற்ற இரண்டோடு ஒத்துவராது, கையில் நடுக்கம் தெரிந்தால் அது காரணமாக இருக்கலாம், நடுக்கமும் எண்ணெய்தான். கழற்றுகிற நேரம் பின்னால் தங்கூசி நூல் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஒயில் சீலை அறுத்து உள்ளே தண்ணீர் விடும், கியர் ஒயில் பால் போல வெளுத்திருந்தால் விட்டுவிட்டது என்று அர்த்தம்.

காசு செலவழிக்காமல் செய்யக்கூடியதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சில படகுகளுக்கு புதுப் புரொப்பெல்லரே தேவையில்லை. எஞ்சினின் தட்டு படகின் அடிமட்டத்தோடு சமமாக அல்லது ஒரு அங்குலம் மேலே இருக்க வேண்டும். நிறையத் தாழ்ந்திருந்தால் கியர்ப்பெட்டியும் காலும் தண்ணீரில் இழுபடும், நிறைய உயர்ந்திருந்தால் திரும்பும்போது காற்றை இழுத்துச் சும்மா சுற்றும். சாய்வு ஊசி எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள், வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாத படகுகள் நிறைய. எண்ணெய்க் கான்களையும் ஐஸ் பெட்டியையும் பின்னுக்கு அடுக்காமல் நடுவுக்கு நகர்த்தினால் அணியம் தாழும், மேட்டைத் தாண்டுவது இலகுவாகும். அடியில் பாசியும் சிப்பியும் பிடித்திருந்தால் சுரண்டிவிட்டுத்தான் அளவு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாசிக்கு ஏற்ற புரொப்பெல்லரை வாங்கி வருவீர்கள்.

அளவு எடுப்பது கஷ்டமில்லை. பிளக் வயரில் ஒரு மெல்லிய வயரைச் சுற்றி வாசிக்கிற சின்ன சுற்றுமானி கிடைக்கிறது, எஞ்சினின் வகைக்கு ஏற்ப அதைச் சரியாக அமைக்காவிட்டால் இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டும், அதை மட்டும் கவனியுங்கள். ஜி.பி.எஸ். ஏற்கெனவே பலரிடம் இருக்கிறது. காற்றுக் குறைந்த நேரம், சோழகக் காற்று எழும்ப முதல், வழமையான பாரத்தோடு போங்கள். ஒரு சின்னத் தாங்கியில் அடையாளம் போட்ட மட்டம் வரை எண்ணெய் நிரப்பி, ஒரு மைல் போய் அதே வழியில் ஒரு மைல் திரும்பி வாருங்கள், அப்போதுதான் நீரோட்டமும் காற்றும் சரிக்குச் சரி அடிபடும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, அளவுக் குவளையால் அதே மட்டம் வரை நிரப்பிப் பாருங்கள். எவ்வளவு போனதோ அதை இரண்டால் வகுத்தால் ஒரு மைலுக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று வரும். முழு முறுக்கில் ஒரு முறை, வழமையாகப் போகிற முறுக்கில் ஒரு முறை, மெதுவாக ஒரு முறை. மணிக்கு எத்தனை லீற்றர் என்ற கணக்கை நான் நம்புவதில்லை, மணிக்குக் குறைவாகக் குடித்துக்கொண்டு இரண்டு மடங்கு நேரம் ஓடினால் என்ன பிரயோசனம்? மைலுக்கு எவ்வளவு என்பதுதான் தொழிலுக்கு உதவும். இந்த எண்களை பாரம் எவ்வளவு, என்ன புரொப்பெல்லர் என்பதோடு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த புரொப்பெல்லரை அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், பக்கத்துப் படகைப் பார்த்து இல்லை, அவரிடம் அதே எஞ்சின் இருந்தாலும் படகும் பாரமும் வேறு.

இதில் ஒரு பெரிய தடை இருக்கிறது. தண்ணீரில் போட்ட புரொப்பெல்லரைக் கடை திருப்பி எடுக்காது, மூன்று பிட்ச் வாங்கி ஓடிப் பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுக்க எந்தத் தொழிலாளியிடமும் காசில்லை. அதனால்தான் நல்ல கணக்குத் தெரிந்தவர்கள் கூட எஞ்சினோடு வந்ததிலேயே நின்றுவிடுகிறார்கள். இதைத் தனி ஆளால் தீர்க்க முடியாது, ஆனால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தால் முடியும். ஒவ்வொரு கரையிலும் இரண்டு மூன்று வகை எஞ்சின்தான் அதிகமாக இருக்கிறது. அந்த வகைக்கு மூன்று பிட்ச் வீதம் அலுமினியப் புரொப்பெல்லர் வாங்கி, ஒரு சுற்றுமானியும் அளவுத் தாங்கியும் சேர்த்துச் சங்கக் கட்டிடத்தில் வைத்தால் போதும். உறுப்பினர் ஒரு வாரம் எடுத்துப் போய்த் தன் படகில் ஓடிப் பார்த்து, எண்களைச் சங்கக் கொப்பியில் எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும், உடைத்தால் விலை கட்டட்டும். ஒரு பருவம் போனால் அந்தக் கரையின் படகுகளுக்கு எந்தப் பாரத்தில் எந்த பிட்ச் என்று அந்தக் கொப்பியே சொல்லும். சங்கக் கூட்டத்தில் இதை முன்வைக்க விரும்புகிறவர்கள் எந்த வகை எஞ்சினுக்கு எதெது வாங்குவது என்று பட்டியல் போட என்னைக் கூப்பிடலாம், சுற்றுமானியை அமைத்துக் காட்டவும் வருவேன்.